மிஸ்ஸியம்மா குடித்த ஒரு சொம்புத் தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலைக்கு வெளியே இருந்த ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அதை நடத்தியவர் கடல் கடந்து வந்த கிறிஸ்தவ ஊழியக்காரி. எல்லோருக்கும் அவர் மிஸ்ஸியம்மா. முன்ஷி என்கிற பாஷை வாத்தியார் வைத்துப் படித்த வேதாகமத் தமிழ் பேசுவார். கிராமத்துப் பேச்சு மடமடவென்று வந்தால் மட்டும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார், நான் எடுத்துச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் எனக்கு ஏறிய கர்வத்துக்கு இன்றைக்கும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

குணமானவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுக் கை கழுவ அவருக்கு மனசு வராது. தானே ஜீப்பில் கூட்டிப்போவார். அவர்கள் வீட்டு வாசலில் நின்று, அவர்கள் கையாலேயே ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி, ஊரே பார்க்கக் குடிப்பார். "பயப்படாதிருங்கள்" என்பார். வெள்ளைக்காரியே குடிக்கிறாளே என்று ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். சில வீடுகளில் அது பலித்தும் இருக்கிறது. பிரசங்கத்தைவிட அந்தத் தண்ணீரைத்தான் அவர் பெரிய ஊழியமாக நினைத்தார்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி பல வருஷம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானாள். வீட்டுக்குக் கிளம்புகிற அன்று காலை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, நான் பெங்களூர்ல சித்தாள் வேல செய்யறேன்னு ஊர்ல சொல்லி வெச்சிருக்கு. வூட்டுக்காரருக்கு மட்டும்தான் நெசம் தெரியும். பொண்ணுக்கு மாப்பிள்ள பேசி முடிச்சிருக்காங்க. ஜீப்பு வாணாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க, பஸ்லயே போயிடறேன்."

"அவ்ளோ பெரிய மனுஷி உன்கூட வராங்க, உனக்கு ஏன் கசக்குது? கம்முனு ஏறு" என்றேன்.

அவள் ஏன் அழுகிறாள் என்று மிஸ்ஸியம்மா கேட்டார். "சந்தோஷத்துல அழுவறாம்மா" என்றேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான்.

ஊருக்குள் நுழையும்போது களத்தில் பெண்கள் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "ஐயையோ, குஷ்டரோக ஜீப்புடி!" என்று ஒருத்தி எழுந்தாள். சுத்துப்பட்டு கிராமங்களில் அந்த ஜீப்பைத் தெரியாதவர்கள் இல்லை. எங்களோடு வந்தவள் வீட்டு வாசலில் மிஸ்ஸியம்மா சிரித்த முகமாக இறங்கித் தண்ணீர் கேட்டார். அவள் வாசல் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். அவர் முழுசும் குடித்தார். புருஷன் வெளியே வந்தான். அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"எம் பொண்டாட்டி பெங்களூர்ல இருக்கா. இது யாரோ. இட்டுகினு போங்க."

கூடியிருந்த அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கதவோரம் நின்ற மகளும் திறக்கவில்லை.

அவளையும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் மிஸ்ஸியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும். மகள் கல்யாணம் நின்றுபோன சேதி அடுத்த வாரமே வந்தது.

குணமானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடையாது. வேறு போக்கிடம் என்றால் மலை சுற்றும் வழியில் தட்டேந்தி உட்காருவதுதான். அவள் மிஸ்ஸியம்மாவின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு இன்னும் நோவு இருக்குதுன்னு எழுதச் சொல்லுங்கக்கா. இங்கயே ஒரு மூலையில கெடக்கறேன்."

இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மிஸ்ஸியம்மா அவள் சீட்டை எடுத்தார். பொய் சொன்னால் சமையல்காரியைக்கூட மன்னிக்காதவர். குணம் என்று தானே எழுதியிருந்ததை அடித்தார். நோய் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றாள். மிஸ்ஸியம்மா முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை மாத்திரை வரிசையில் மற்றவர்களோடு அவளும் வந்து நின்றாள். கொடுத்தேன். வாங்கி விழுங்கினாள்.