பக்கிரி மாமாவும் என் தோள் துண்டும்

போன வாரம் முடிவெட்டப் போயிருந்தேன். வெட்ட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், காதோரம் கொஞ்சம் இருக்கிறது. சலூன்காரத் தம்பி வெட்டி முடித்துப் பிடரியில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தான். எதிரே டிவியில் ஏதோ பழைய கறுப்பு வெள்ளைப் படம். கூண்டு வண்டியிலிருந்து ஒரு மிராசுதார் இறங்கி, வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேமராவைப் பார்த்தார். என் கை தானாக எழுந்து, தோளில் போர்த்தியிருந்த துண்டை உருவி மடியில் போட்டுக்கொண்டது.

“என்ன பெரியவரே, இன்னும் முடியல.”

“அது எங்க மாமாப்பா” என்றேன். தம்பி ஒரு தடவை டிவியையும் ஒரு தடவை என்னையும் பார்த்துவிட்டு, துண்டை எடுத்து மறுபடி என் தோளில் போட்டான். நம்பவில்லை. நானே பாதிதான் நம்புகிறேன்.

பக்கிரி மாமா எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. எங்கள் தெருவில் பிறந்து, பெரிய பண்ணையில் மாடு மேய்த்தவர். ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியோடு ஒருநாள் போய்விட்டார். பிறகு கட்சி நாடகங்களில் சவுக்கடி வாங்கும் பண்ணையாளாக நடித்தார். அவர் அழுதால் திடலே அழுமாம். அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்த சமயம் இவர் மெட்ராஸில் சினிமாவுக்கு அலைந்துகொண்டிருந்தார். அங்கே எவரோ இவருடைய உயரத்தையும் கழுத்தையும் பார்த்து மிராசுதார் வேஷம் கொடுத்துவிட்டார்கள். அதோடு சரி. அப்புறம் கடைசிவரை அடிக்கிற ஆள்தான். மிராசுதார் நடிப்பு எப்படி மாமா வந்தது என்று கேட்டால் சிரிப்பார். “நம்ம பெரிய பண்ணை எப்படித் துப்புவாரு? அப்படியே துப்பிக் காட்டுனேன்டா. எடுத்துக்கிட்டான்.”

எனக்குப் படிப்பு ஆறாவதோடு நின்றது. கணக்கு வாத்தியாரை நினைத்தாலே காய்ச்சல் வரும், அந்தக் காய்ச்சலிலேயே நின்றுவிட்டேன். வளர்ந்த பிறகு கூத்தாநல்லூர் போகிற சாலையில் ஒரு டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கும் வேலை. கூரைக்குத் தீப்பிடித்துவிடுமோ என்று தினமும் பயந்துகொண்டு கிழித்தேன். மாமா படம் வந்தால் ஒரு வேடிக்கை. திரையில் அவர் வண்டியை விட்டு இறங்கியதும், மணல் தரையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தெருக் கிழவர்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பின்னால் இருக்கிறவர்கள் உட்காரச் சொல்லிக் கத்துவார்கள். நான் கிட்டே போய், “அது நம்ம பக்கிரிதான் பெரியப்பா, உக்காருங்க” என்று கேலி செய்வேன். என் கேலிக்கு அப்போது நல்ல மவுசு.

துண்டு அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. மிராசுதார் எதிரே வந்தால் தோளில் துண்டு இருக்கக்கூடாது என்று இருந்த வழக்கத்தை விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்துதான் மாற்றியது. எங்கள் அண்ணன் கோவிந்தன் அந்தச் சங்கத்துக்காரர். குளிக்கும்போதுகூடத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் குளிப்பார் என்று அண்ணி சொல்வார்.

ஒரு வருஷம் அறுப்புக் கூலிக்குச் சண்டை. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. வரப்பில் தள்ளுமுள்ளு. அண்ணனையும் இன்னும் இரண்டு பேரையும் போலீஸ் பிடித்துப்போய் லாக்கப்பில் வைத்தது. அண்ணி நிறைமாதம். மறுநாள் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் வெளியே வர எத்தனை மாதமாகுமோ என்று தெருவே பேசியது.

நல்லவேளையா கெட்டவேளையா, இன்றுவரை தெரியவில்லை, தன் தங்கை மகளுக்குக் காது குத்த மாமா அன்று ஊருக்கு வந்திருந்தார். ஓடினேன். பட்டு ஜிப்பா, பவுடர் வாசனை. விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. “போலீஸ்னா எனக்குக் காலு நடுங்கும்டா. நாடகம் போட்ட காலத்துல வாங்கியிருக்கேன்” என்றார். ஆனாலும் அண்ணியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காரை எடுக்கச் சொன்னார். பயந்தாங்கொள்ளிகள் இரண்டு பேர் அண்ணனை மீட்கப் போனோம்.

ஸ்டேஷன் வாசல் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், படியேறியதும் விட்டுவிட்டார். நடையே மாறியது. மூங்கில் தட்டிக்கு அப்பால் வெற்றிலையைத் துப்பினார், பெரிய பண்ணையேதான். இன்ஸ்பெக்டர் பாதி எழுந்தார். அவர் நடிகர் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும், சிரிப்புகூட வந்தது. பிறகு எதற்கு எழுந்தார்?

“மூணு பேரும் நம்ம பண்ணை ஆளுங்க. புத்தி கெட்டுப் பண்ணிட்டானுங்க. நான் பாத்துக்கறேன்” என்றார் மாமா.

“சினிமா வேற சார்” என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர்.

மாமா தலையை மட்டும் மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இருபது படத்தில் பார்த்திருக்கிறேன். என் துண்டு எப்போது தோளை விட்டு இறங்கியது, எப்போது இடுப்பைச் சுற்றியது, சத்தியமாக எனக்குத் தெரியாது. குனிந்து நின்றிருந்தேன். இன்ஸ்பெக்டர் என் இடுப்பைப் பார்த்தார். முழுசாக எழுந்துவிட்டார். “கூட்டிட்டுப் போங்கய்யா” என்றார்.

கம்பிக்குப் பின்னாலிருந்து அண்ணனும் என் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மற்ற இருவரும் காரில் ஏறினார்கள். அண்ணன் ஏறவில்லை. மாமா மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். “கோவிந்தா, அது சும்மா வசனம்டா” என்றார்.

“உங்களுக்கு வசனம் மாமா. இவன் துண்டை எடுத்தானே, அது என்ன?”

சொல்லிவிட்டு நடந்தார். நான் காரில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். கார் அவரைத் தாண்டியபோது நிறுத்தச் சொல்லி இறங்கி, பத்தடி பின்னால் நடந்தேன். வீடு வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் பையன் பிறந்தான். அண்ணன் என்னோடு பேசினார், சண்டையெல்லாம் இல்லை. அந்தச் சாயங்காலத்தைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

மாமாவுக்கு வயதான பிறகு சினிமா விட்டுப்போய், டிவி தொடர்களில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்யும் பெரியவர் ஆனார். கட்சியில் எம்எல்ஏ சீட்டு தருவார்கள் என்று நெடுநாள் இருந்தார், தரவில்லை. மிராசுதார் மூஞ்சிக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்றார்களாம். ஒருமுறை சென்னையில் போய்ப் பார்த்தபோது, என்னைக் காட்டி வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: “அன்னைக்கு ஸ்டேஷன்ல நடிச்சது நான் இல்ல. இவன்தான். என்னா நடிப்பு.”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நடிப்பு என்றே வைத்துக்கொள்ளலாமா? அப்படியானால் அண்ணனிடம் சொல்லியிருக்கலாமே, அண்ணே நான் நடிச்சேன்னு. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் அண்ணனைப் பார்த்ததும் பஸ்ஸில் நல்ல கூட்டம் என்றேன். பொய் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடுமோ என்று பயம். பொய்தானா என்று எனக்கே தெரியாது.

டாக்கீஸ் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பெரிய பண்ணை வீட்டை இடித்து மனை போட்டுவிட்டார்கள். மாமா போய்ப் பல வருஷம். அண்ணனும் போன தை மாதம் போய்விட்டார். அண்ணன் மேல் கோடித் துணி போடும்போது நான் வாங்கிப்போனது ஒரு வெள்ளைத் துண்டு. எல்லாரும் கால்மாட்டில் போட்டார்கள். நான் குனிந்து, தலையை லேசாகத் தூக்கி, தோளில் போட்டேன். நழுவியது. சரிசெய்தேன். மறுபடி நழுவியது.

“விடுங்க சித்தப்பா, நேரமாவுது” என்றான், அன்றைக்கு நாலாம் நாள் பிறந்தவன்.