கெபிக்குக் கீழே இருந்த மூடி

ஆனந்தமேரி அக்காவுக்கு ஆண்டவர் குரலை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டார். முதலியார்பேட்டையில் தன் வீட்டு முன்னறையில் அவர் பள்ளிச் சீருடை தைக்கிறார். அங்கே உட்கார்ந்து அவர் பேசினால், மாடியில் குடியிருக்கும் எனக்குக் குக்கர் விசில் கேட்காது. நான் வாடகைக்கு வந்த அன்றே, "செருப்ப படியில உடாத, மோட்டார நீயா போடாத, மாதாவுக்கு முதுகு காட்டி பைக்க நிறுத்தாத" என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். நான் வீட்டில் முருகன் படம் மாட்டுகிறவன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பைக்கின் பின்பக்கம்தான் அவருக்குக் கவலை.

அந்த மாதா இருந்தது வாசலோரக் கெபியில், சின்னக் கல்குகைக் கோயிலில். மகன் லூர்துபிரகாஷ் பிரான்சுக்குப் போய் வேலையில் சேர்ந்தால் வாசலிலேயே கெபி கட்டுகிறேன் என்று அக்கா நேர்ந்துகொண்டிருந்தார். போனான், சேர்ந்தான், கட்டினார். இடம் பார்க்க வந்த கொத்தனார் கண்ணில் வாசலில் உயர்ந்து நின்ற ஒரு சிமெண்டு மேடை பட்டது. "அஸ்திவாரமே வேணாம்மா, பீடம் ரெடியா இருக்குது" என்றார். எல்லாருக்கும் மகிழ்ச்சி. கல் அடுக்கிக் குகை மாதிரி கட்டி, நீல விளக்குப் போட்டு, பங்குச் சாமியார் வந்து மந்திரித்து, தெருவே கூடி கேக் தின்றது. அந்த மேடை செப்டிக் டேங்கின் மூடி என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. நாற்றம் வராதவரை டேங்கை யார் நினைக்கிறார்கள்?

இந்த அக்டோபர் மழை நினைக்க வைத்தது. கீழ்வீட்டுக் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றது. பிறகு உள்ளே இருந்ததே மேலேறி வர ஆரம்பித்தது. அக்காவின் கணவர் சூசைநாதன் இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் முடிந்து அன்று சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டும். ஒரு படி ஏற முடியாத மனிதர். அவருக்காகவே உட்காரும் கோப்பை வாங்கிப் பதித்திருந்தார்கள். அதைச் சுற்றித்தான் இப்போது கறுப்புத் தண்ணீர் நின்றது.

தவளக்குப்பத்திலிருந்து கழிவு உறிஞ்சும் லாரி மதியம் வந்தது. ஓட்டி வந்த சிலம்பரசன்தான் உரிமையாளர். கூட வந்த ஆள் மண்ணாங்கட்டி, ஒல்லியாக, நாற்பதைத் தொட்ட வயசு. சிலம்பரசன் வீட்டை ஒரு சுற்று வந்தார், வாசலில் நின்றார், கெபியைப் பார்த்தார். "மூடி எங்கம்மா?" என்றார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. எங்களுக்கும்தான்.

சுவரோரம் பூந்தொட்டிகளுக்கு அடியில் இன்னொரு சின்ன மூடி அகப்பட்டது. எல்லாருக்கும் உயிர் வந்தது. ஓசுக் குழாயை விட்டு மோட்டாரைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் தண்ணீர் வந்தது, அப்புறம் காற்றுதான் வந்தது.

"இது கடைசி அறைம்மா. கெட்டியா இருக்கறது பூரா கெபிக்கு அடியில இருக்கற பெரிய அறையில கெடக்குது. நடுவுல சுவரு. சுவத்துல ஓட்டை இருக்கும், ஆனா ஓசு திரும்பிப் போவ மாட்டேங்குது" என்றார் சிலம்பரசன். "கெபிய எடுத்தாத்தான் வேலை ஆவும்."

எதிர்வீட்டு ஜூலி அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார். அக்டோபர் ஜெபமாலை மாதம். தினம் சாயங்காலம் தெருப் பெண்களைக் கூட்டி அந்தக் கெபி முன்னால் ஜெபமாலை சொல்ல வைப்பவர் அவர்தான். "மந்திரிச்ச கெபிய இடிக்கறதா? பாவம்கா! பிரகாசுக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார். பின்னால் நின்ற பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வெடுக்கென்று பேசும் அக்காவுக்கு அப்போது வாய் திறக்கவில்லை. மகன் பெயரைச் சொன்னால் அவர் அவ்வளவுதான்.

சூசைநாதனின் தம்பி கிளாட்வின், எதற்கும் குறுக்கு வழி வைத்திருப்பவர். மண்ணாங்கட்டியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "ரெண்டு நிமிச வேலைப்பா. இந்தச் சின்ன மூடி வழியா எறங்கி, ஓச அந்த ஓட்டையில சொருகிட்டு ஏறிடு. குவார்ட்டர் சொல்லிடறேன், நல்ல சரக்கா."

"ஆள எறக்க மாட்டேங்க. சட்டப்படி தப்பு, ஜெயிலுக்குப் போறது நானு" என்றார் சிலம்பரசன்.

"யாரு பாக்கப் போறாங்க? நீ திரும்பி நில்லு."

"நான் எறங்கறேண்ணே" என்றான் மண்ணாங்கட்டி. "எத்தனை எறங்கியிருக்கேன். பெரியவரு வராருல்ல, பாவம்."

சிலம்பரசன் இன்னொரு தடவை வேண்டாம் என்றார். அந்தத் தடவை சத்தம் குறைந்திருந்தது. அப்புறம் லாரிக்குப் போய்க் கயிறு எடுத்து வந்தார். தெருவில் இத்தனை பேர் நின்றோம். கல்லுக்குப் பாவம் பார்த்த வாய் ஒன்றுகூட ஆளுக்காகத் திறக்கவில்லை.

மண்ணாங்கட்டி சட்டையைக் கழற்றி மடித்து, மேலே செல்போனை வைத்து என்னிடம் நீட்டினான். "வெச்சிக்குங்க சார், கீழ வெச்சா மெறிச்சிடுவாங்க." இடுப்பில் கயிற்றை அவனே சுற்றி முடிச்சுப் போட்டான். குழிக்குப் பக்கத்தில் குந்தி ஒரு காலை உள்ளே விட்டபோது போன் அடித்தது. எடுத்துக் கொடுத்தேன். பெண்டாட்டி போலிருக்கிறது.

"இன்னா செல்வாம்பா... ஆங், வேலை முடிஞ்சிட்டுது. டீக்கடையில நிக்கறேன்... இல்லம்மே, எறங்கல. நான் ஏன் எறங்கறேன்? சத்தியமா. வெய்யி."

போனைத் திருப்பிக் கொடுத்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா அவகிட்ட பொய் சொன்ன?"

"எறங்கறன்னா அழுவாம்மா. அவ அண்ணன் இப்படித்தான் எறங்குனாரு." சொல்லிவிட்டு இன்னொரு காலையும் உள்ளே தொங்கவிட்டான்.

"ஏய், இரு!"

அது நான் தினமும் கேட்கும் குரல்தான். ஆனால் அன்று அதில் பயம் இருந்தது. அக்கா விறுவிறுவென்று கெபிக்குப் போனார். மாலையைப் பிய்த்துப் போட்டார். மாதா சுரூபத்தை இரண்டு கையாலும் தூக்கினார், இடுப்புயரம் இருக்கும், நல்ல கனம். நேரே குழிக்கு வந்தார்.

"மேல ஏறு. ஏறுடா! இதப் பிடி."

அவன் ஏறினான். வெறும் உடம்பு, இடுப்பில் கயிறு. நீட்டிய கைகளை வேட்டியில் துடைத்து, மறுபடி துடைத்தான். அக்கா காத்திருக்கவில்லை. மாதாவை அவன் மார்போடு சாய்த்து வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, அவன் கையிலயா குடுக்கற?" ஜூலி ஓடி வந்தார். "எங்கிட்ட குடுக்கா!"

"உங்கிட்ட குடுத்தா அவன் கை காலியா இருக்குமே."

கிளாட்வின், "அண்ணி, ரெண்டு நிமிசத்துல..." என்று ஆரம்பித்தார்.

"ரெண்டு நிமிசந்தானே? நீ எறங்கு. கயித்த நான் பிடிக்கறேன்."

கிளாட்வின் குழியைவிட்டுத் தள்ளிப் போனார். அக்கா லாரியில் கிடந்த கடப்பாரையை எடுத்தார். முதல் குத்துக்குக் கல் அசையவில்லை, அவர் தோள்தான் அதிர்ந்தது. "பிரகாசு எம்புள்ள. அவனுக்கு வரது எனக்குத் தெரியும், நான் பேசிக்கறேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே குத்தினார். அழுதுகொண்டே குத்தினார். சிலம்பரசன் வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். நான் சட்டையையும் போனையும் லாரி சீட்டில் வைத்துவிட்டுக் கல் பொறுக்கப் போனேன். நீல விளக்கு ஒயரோடு தொங்கியது. கூடியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள்.

பெரிய மூடியை நெம்பித் தள்ளியபோது எழுந்த காற்றில் எனக்குக் கண் இருட்டியது. சிலம்பரசன் எல்லாரையும் தெருவுக்கு விரட்டினார். அந்தக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு அவர் மண்ணாங்கட்டியைப் பார்த்தார், வெகு நேரம் பார்த்தார். காற்று அடங்கியபிறகு மேலே நின்றபடியே குழாயை இறக்கினார். லாரி உறுமியது. கழிப்பறையில் தண்ணீர் இறங்குகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

மண்ணாங்கட்டி மதிலோரம் அப்படியே நின்றான். நழுவிய சுரூபத்தை மேலே ஏற்றிப் பிடித்தான். "கீழ வெக்கட்டுங்களாம்மா?"

"மூடி போடறவரைக்கும் வெக்காத."

மூடி போட்டார்கள். அக்கா அவனிடம் போய் சுரூபத்தை வாங்கும்போது ஜூலி ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தார். மாதாவைக் கழுவி, துடைத்து, அப்புறம் உள்ளே கொண்டுபோகலாம் என்றார். மண்ணாங்கட்டி தன் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்தான்.

"எதுக்குடி கழுவணும்?" என்றார் அக்கா. "அவன்தான் உள்ள எறங்கவே இல்லையே."

ஜூலி செம்போடு நின்றார். அக்கா மாதாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.