வலது மூலையில் பதிவெண்

"பேர் எழுத வேணாம். நான் மட்டும்தான் படிப்பேன்" என்று வகுப்பில் சொன்னது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம், பாதிப் பேருக்குப் பாடம் ஏறவில்லை. எப்படிச் சொன்னால் புரியும் என்று அவர்களையே கேட்போமே என்று ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். பரீட்சை எழுதியே பழகிய கைகள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் வலது மூலையில் பதிவெண் போட்ட பிறகுதான் மற்றது. அன்றும் போட்டிருந்தார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பில் வாயே திறக்காத குருசுக்குப்பத்துப் பெண் ஒருத்தி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நீங்கள் பேசும்போது ஒன்றும் மனதில் நிற்பதில்லை மிஸ், வீட்டில் மீன் விற்கிற அம்மாவிடம் மீன் விலையை வைத்து அதையே சொல்லிப் பார்த்தால் புரிந்துவிடுகிறது, அம்மா திருப்பிக் கேட்கிற கேள்விக்குத்தான் சில நேரம் பதில் தெரிவதில்லை என்று. எனக்கு அப்படியொரு சந்தோஷம். மறுநாளிலிருந்து கடைசிப் பத்து நிமிடம் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் பாடம் சொல்ல வைத்தேன். இரண்டாவது வாரம் அவள் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டாள்.

தாள்களை வகைபிரிக்க உதவுகிறேன் என்றாள் ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசைத் தோழி. பதினோரு வருடமாக இரண்டு பேர் சாப்பாட்டையும் பங்குபோட்டுச் சாப்பிடுகிறோம். யோசிக்காமல் கட்டைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்ற தலைப்பில் ஒன்பது பதிவெண்கள். புரியவில்லை என்று என்னிடம் உண்மையை எழுதிய அதே ஒன்பது பேர், குருசுக்குப்பத்துப் பெண்ணும் சேர்த்து. யாருடைய எண் எது என்று வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

"காலேஜ பாக்க கமிட்டி வருதுல்ல, இந்த லிஸ்ட் இல்லாம ஃபைல் முடியாது. உன் பேப்பர்ல எல்லாம் ரெடியா இருந்துச்சு, எடுத்துக் குடுத்துட்டேன். இதுக்குப் போயி ஏன்டி மூஞ்சிய தூக்கி வச்சிக்கிற?" என்றாள் தோழி. சொல்லிக்கொண்டே டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினாள். அன்றிலிருந்து தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

துறைத் தலைவரிடம் போய்ச் சண்டை போட்டேன். கமிட்டி போனதும் எடுத்துவிடலாம் என்றார்.

மாடிப்படியில் அந்தப் பெண் எனக்காக நின்றிருந்தாள்.

"நீங்க மட்டும்தான் படிப்பேன்னு சொன்னீங்களே மிஸ்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. தோழியின் பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தாள்கட்டைத் தூக்கிக் கொடுத்தவள் நான்தானே. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் கை மேலே எழவே இல்லை.

அடுத்த செமஸ்டரில் மறுபடியும் தாள் கொடுத்தேன். இந்த முறை என் கையை விட்டு எங்கேயும் போகாது என்றும் சொன்னேன். அவளுடைய கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒரே வரி எழுதியிருந்தாள்: 'பாடம் நன்றாகப் புரிகிறது.'

தாளின் வலது மூலையை அளவாகக் கிழித்திருந்தாள்.