வால்வு சூடேறும் வரை

பாட்டுப் பெட்டியின் பழைய பிரீஆம்ப் இரண்டு நாளாய்க் கரகரத்ததால், தென்காசி வீட்டில் இன்று நானே அதன் கண்ணாடிக் குழல் வால்வை மாற்றினேன். சுவிட்சைப் போட்டதும் சூட்டில் தூசி கருகும் வாசனை வந்தது. அறுபதைத் தாண்டிய நான் எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

குற்றாலத்தில் சாரல் காலம். குளித்துவிட்டு அம்மா துணி மாற்றப் போகும்போது, தங்கை செல்வியின் கையை என்னிடம் கொடுத்திருந்தாள். வளையல் கடையைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். திரும்பினால் அவள் இல்லை.

"அவளே கைய உதறிட்டு ஓடிட்டாப்பா" என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

அப்பா என்னை அறிவிப்புக் கொட்டகைக்கு இழுத்துப் போனார். மைக்செட்காரர் வாயெடுத்ததும் ஆம்பிளிஃபயர் அணைந்துவிட்டது. சுட்ட வால்வைத் துண்டால் பிடுங்கி, வேறொன்றைச் செருகினார்.

"சீக்கிரம் சொல்லுங்க அண்ணாச்சி!" என்றார் அப்பா.

"வால்வு சூடாவணும்லா, பொறுங்க. ஏட்டி, ஒந்தங்கச்சி என்ன கலர் கவுன் போட்டிருக்கா?"

எனக்கு நிறமே நினைவில்லை. கண்ணாடிக்குள் மெல்ல ஏறும் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அருவி இரைந்துகொண்டேயிருந்தது.

ஒருவழியாக ஒலிபெருக்கி உறுமியது. பெயரை மூன்றாம் முறை சொல்லும்போது, செங்கோட்டைக்கார அம்மா ஒருத்தர் செல்வியைத் தோர்த்துத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். அப்பா அவளை வாரி அணைத்தார். பிறகு, "கைய விட்டுட்டு ஓடுவியா?" என்று முதுகில் ஓர் அடி வைத்தார். செல்வி என்னையே பார்த்தாள்.

இன்று பாட்டு சுத்தமாகவே வந்தது. கேட்க முடியாமல் அணைத்துவிட்டு, சுரண்டையில் இருக்கும் அவளுக்குப் போன் போட்டேன்.

"செல்வி, அன்னைக்கு அருவிக்கரையில ஒங்கைய விட்டது நாந்தான்."



"அடி வாங்குனவளுக்குத் தெரியாதாக்கா?" என்றாள்.