குள்ளன் தைத்த கால்சட்டை

என்னைக் கூப்பிடுவதற்கு மலாய் நாட்டுக் காஜா பெராங் ஊரில் பெயருக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நம்மவர்கள் குள்ளன் என்பார்கள், கட்டையன் என்பார்கள், உற்சாகம் மிகுந்தால் சித்திரக்குள்ளன். பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், தமிழ் மறந்து மலாய் பேசுகிற செட்டிகள் காத்தேக் என்பார்கள். கால் குட்டையான கோழிக்கும் அதுதான் பெயர். என் உயரம் நாலடி ஏழங்குலம். கடைகளின் முன்னால் போகிற நடைபாதைக்கு எங்கள் ஊரில் அஞ்சடி என்று பேர். அதில்தான் என் தையல் மிஷின் இருந்தது. "அஞ்சடியில அஞ்சடி இல்லாத ஆளு" என்று ஒருவர் சொல்லி வைக்க, அதையே வாரம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நன்றாகச் சொன்னால் நன்றாகச் சொன்னதுதானே.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். ஆனால் வார்த்தை என்றால் எனக்குப் பைத்தியம். பழைய காகிதக் கடையில் தமிழ் அகராதி ஒன்றும் அட்டை போன ஆங்கில அகராதி ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். என்னைத்தான் முதலில் தமிழ் அகராதியில் தேடினேன். குறள் என்றால் குள்ளம் என்று போட்டிருந்தது. இரண்டே அடியில் முடிகிற வெண்பாவுக்கும் அதே பெயர் என்று படித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. அந்தக் காலத்து அரண்மனைகளில் கூனும் குறளும் ராணிக்குப் பணிவிடை செய்தார்களாம். நெஞ்சு மறுபடி இறங்கியது. குறுணை, குறுவை, குறுமிளகு எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். வெள்ளைக்காரன் சொல்லும் டுவார்ஃப் இன்னும் வேடிக்கை. அவர்களுடைய குளிர்நாட்டுப் பழங்கதைகளில் அவன் மலைக்கடியில் இருந்துகொண்டு வாளும் நகையும் செய்கிற கைவினைக்காரன். அந்தச் சொல்லின் வேர் எதுவென்று நிச்சயமில்லை, ஏமாற்றுகிறவன் என்ற பொருளில் வந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டேன்.

கோடு போட்டது சும்மா இல்லை. அப்போது என் மனதில் ஓர் ஆள் இருந்தார்.

அவர் ஒரு கிராணி. பண்டார் ஹிலிரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, ஆறடி உயரம், வாசல்படியில் தலை குனிகிறபோதே ஒரு பெருமை. புக்கிட் பாருவில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணுக்கும் சம்மதம். "உயரத்த வச்சு நான் என்ன கூரையா வேயப்போறேன்?" என்று அவள் சொன்னதாக என் அக்கா வந்து சொன்னபோது, அன்று முழுக்க என் மிஷின் தானாக ஓடியது. பெண்ணின் அப்பா என்னைப் பற்றி விசாரிக்கக் கிராணியைத் தம் வீட்டுக்குக் கூப்பிட்டார். கிராணி சொன்ன பதிலை அந்தப் பெண்ணின் அண்ணனே என் கடைக்கு வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லிவிட்டுப் போனான்.

"அவனுக்கா குடுக்கப் போறீங்க? பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்ட வேணாம்லா, தேங்காச் செரட்டையே போதும்."

வீடே சிரித்ததாம். அந்தச் சிரிப்போடு சம்பந்தம் முறிந்தது. பட்டப்பெயர் வேறு, இது வேறு. இதை நான் மறக்கவில்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் அது. ஊரெல்லாம் தோரணம். நம்மவர்கள் ஊர்வலமாகப் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போவதென்று முடிவாகி, முன்னால் கொடி பிடிக்க உயரமான ஆள் வேண்டுமென்று கிராணியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வெள்ளை டிரில் துணியோடு என்னிடம் வந்தார்.

"டேய் கட்டை, கோட்டும் சிலுவாரும். ஊரே பாக்கும். ஏணி வச்சாவது ஒழுங்கா அளவெடு."

"சரிங்க ஐயா" என்று முக்காலியில் ஏறிக் கோட்டுக்கும் கால்சட்டைக்கும் அளவெடுத்தேன்.

தையல்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார்: புது டிரில் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்துத்தான் கத்தரி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கும். நான் ஊறப்போடவில்லை. கால்மடிப்பில் பிற்பாடு இறக்கிக்கொள்ள இரண்டு அங்குலம் விடுவது வழக்கம். அதையும் வெட்டி எறிந்தேன். நன்றாக இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். கிராணி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பரவால்லயே" என்றார்.

ஊர்வல ஒத்திகைக்கு அவர் அதைப் போட்டுக்கொண்டு போன அன்று மழை பிடித்துக்கொண்டது. அதற்கு நான் பொறுப்பில்லை, ஆனால் சந்தோஷப்பட்டேன். சேறான உடுப்பை டோபி கொதிக்கக் கொதிக்க வெளுத்து, கஞ்சி போட்டு, ஊர்வலத்தன்று காலையில்தான் கொண்டுவந்து கொடுத்தான். மாற்று உடுப்புக்கு நேரமில்லை.

அஞ்சடியில் நின்று பார்த்தேன். கொடி உயரத்தில், கிராணி உயரத்தில், கால்சட்டை மட்டும் கணுக்காலுக்கு மேலே நாலு விரல் ஏறி நின்றது. கறுப்புக் காலுறை முழுசாகத் தெரிந்தது. மணிக்கட்டுகள் கோட்டுக்கு வெளியே ஓடிவந்திருந்தன. செண்டோல் குளிர்பானம் விற்கிற மலாய்க்காரர், "பாஞ்சிர் கா, என்சேக்?" என்றார், வெள்ளமா ஐயா என்று. தெரு இருபுறமும் வெடித்துச் சிரித்தது. அவர் கொடியை விட முடியாது, குனிந்து இழுத்துவிட முடியாது. காது சிவக்க நடந்தார். அவ்வளவு இனிப்பான ஒரு காலையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மறுநாள்தான் அது கெட்டது.

என் மிஷினை ஒட்டியிருந்த தேநீர்க் கடையில் பத்துப்பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு கிராணி உரக்கச் சொன்னார்: "தப்பு என்னுதுதான்லா. குள்ளன்கிட்ட குடுத்தா, அவன் அவனுக்குத் தெரிஞ்ச அளவுக்குத்தானே தைப்பான்!"

கடை குலுங்கியது. அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். ஊர்வலத்து அவமானம் முழுக்க என் தலைக்கு மாறிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தொழில் தெரியாத குள்ளன் என்ற பெயர் நிற்கும். திறந்தால் எவனும் என்னை நம்பித் துணி கொடுக்க மாட்டான். எது நிற்கட்டும் என்று யோசிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. எழுந்து போய் அவர் மேசை முன்னால் நின்றேன்.

"தெரியாம செய்யல. துணிய வேணும்னேதான் நனைக்கல. மடிப்பு விடாம வெட்டினதும் வேணும்னேதான்."

சிரிப்பு நின்றது. "ஏன்டா?" என்றார் கிராணி.

"புக்கிட் பாருல சொன்னீங்களே, தொட்டில் வேணாம், செரட்டை போதும்னு. அதுக்குத்தான்."

"நானா? எப்போ சொன்னேன்?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கொதித்தது. யார் வீட்டில், யாரிடம், எந்த வார்த்தையில் என்று ஒன்று விடாமல் பத்துப்பேர் முன்னால் சொன்னேன். அவர்களில் இருவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இருந்தார்கள்; நாளைக்கு அவர்கள் வீட்டுச் சம்பந்தத்திலும் இந்த வாய் பேசலாம். கிராணி பாதித் தேநீரை விட்டுவிட்டு எழுந்து போனார்.

ஆறு மாதம் எனக்குப் புதுத் துணி வரவில்லை. கிழிசல் தைத்து, ரவிக்கை தைத்துக் காலம் தள்ளினேன். பிறகு ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் வைத்துச் சமாதானம் பேசலாம் என்று கிராணி ஆள் அனுப்பினார். "கோயில் வேணாம். அந்த புக்கிட் பாரு வீட்டுக்குப் போயி, சொன்ன வாயால தப்புன்னு சொல்லட்டும். அப்புறம் பாப்போம்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு அதற்குள் சிரம்பானில் கல்யாணம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் அங்கே போகத்தான் வேண்டும் என்றேன்.

அவர் போகவில்லை. நானும் விடவில்லை.