மாமாவுக்குப் பதிலாக நான் முகர்ந்தது

என் தாய்மாமாவுக்கு வாடை தெரியாது. பத்து வயதில் வந்த விஷக்காய்ச்சல் இறங்கிப் போகும்போது அதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று அம்மா சொல்வாள். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, மூன்றாம் வீட்டுக்காரி ஓடி வந்து இறக்கி வைப்பாள். மாமாவோ அதே அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருப்பார். "பாலு தீயறதுகூடத் தெரியாம என்ன சாமி பண்றே?" என்று அவள் கேட்டால், "சத்தம் போட்டுத் தீஞ்சிருந்தா எந்திரிச்சிருப்பேனுங்க" என்பார்.

அது யுத்த காலம். நூல் வரத்து நின்றுபோய் எங்கள் தெருவில் தறிகளெல்லாம் சும்மா கிடந்தன. எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பாவும் ஒன்றில் மாமாவும் நெய்துகொண்டிருந்தவர்கள், இப்போது எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சோறு கூழாயிற்று. பிறகு அந்தக் கூழும் இளகிக்கொண்டே போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டி இருந்த சாக்கடைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் ஆள் தேவை என்று முனிசிபாலிடியில் அறிவிப்பு ஒட்டினார்கள். அப்பா அதைப் படித்துவிட்டு வந்து வீட்டில் ஒப்பித்தார். எழுதப் படிக்கவும், எண்களைக் கூட்டிக் கழிக்கவும் தெரிய வேண்டும். வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. கண், மார்பு, கை, கால் நன்றாக இருப்பதாக டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வர வேண்டும். ஆறு மாதம் வேலை பார்த்துச் சரியாக இருந்தால் நிரந்தரம்.

மூக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இருந்தாலும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது மாமாவின் மூக்குதான். இந்த வேலைக்கென்றே கடவுள் அவரைத் தயார் பண்ணி வைத்திருக்கிறார் என்று அப்பா சொன்னார். நெசவுக்காரன் சாக்கடைக்குப் போவதா என்று பெரியம்மா முகத்தைச் சுளித்தபோதும், "அவனுக்கென்ன, நாத்தமா அடிக்கப்போவுது?" என்று சொல்லி அப்பா அவள் வாயை அடைத்துவிட்டார். டாக்டர் மாமாவை எழுத்துப் படிக்கச் சொன்னார், மார்பைத் தட்டிப் பார்த்தார், ஒரு தடவை குதிக்கச் சொன்னார். மாமா மூன்று தடவை குதித்துக் காட்டினார். வேலை கிடைத்துவிட்டது.

காக்கிக் கோட்டு ஒன்று, விசில் ஒன்று, கால் அளவுக்கு மிஞ்சிய ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, கைகழுவ மாதம் ஒரு கார்பாலிக் சோப்பு. இவ்வளவும் கொடுத்தார்கள். ஊர்ச் சாக்கடையெல்லாம் முதலில் கிணறு மாதிரி ஆழமான ஒரு குழிக்கு வரும். அங்கே கம்பித் தடுப்பில் மாட்டும் கந்தல், தழை, நூல் கழிவு எல்லாவற்றையும் மாமா கொக்கியால் இழுத்துப் போட வேண்டும். பிறகு தண்ணீர் மூன்று பெரிய தொட்டிகளில் நின்று தெளியும். தெளிந்ததைத் திறந்து புல் பண்ணைக்கு விட வேண்டும். தீபாவளி, பொங்கல் என்று லீவு கிடையாது. ஊரார் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில்தான் மாமாவுக்கு இரட்டை வேலை.

எல்லாவற்றையும் ஒரு பெரிய நோட்டில் எழுத வேண்டும். மணி, தண்ணீர் உயரம், நிறம், அதற்கு அடுத்தது வாடை. முதல் நாள் மாதிரிக்கு ஓவர்சியர் 'சாதாரணம்' என்று எழுதிக் காட்டினார். மாமா இரண்டு நாள் அதையே பார்த்து எழுதினார். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்து மத்தியான மணிக்குத் தூக்குப்போசியில் கூழ் கொண்டுபோனபோது, என்னைத் தொட்டி ஓரம் கூட்டிப்போய், "பொய் எழுதறது மனசுக்கு என்னமோ போல இருக்குது. நீ மோந்து பாத்துச் சொல்லு சாமி" என்றார்.

எனக்கு எட்டு வயது. வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதனால் மிகவும் கவனமாக முகர்ந்தேன். ஈரக் கோணி மாதிரி என்றேன், மாமா அப்படியே எழுதினார். இன்னொரு நாள் ஊறப்போட்ட தேங்காய் மட்டை மாதிரி என்றேன், அதையும் எழுதினார். ஓவர்சியர் மாதாமாதம் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நுட்பமாக இதுவரை எந்த ஆளும் எழுதியதில்லை என்று பாராட்டினாராம். மாமா அதை வந்து சொன்னபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மாமா திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தார். புளித்த வாடை வந்தால் உடனே சொல்ல வேண்டும். அடி வண்டல் கெட்டுப்போனதற்கு அதுதான் அடையாளம். அன்றைக்குக் குழியில் யாரும் இறங்கக் கூடாது, ஓவர்சியருக்கு ஆள் அனுப்ப வேண்டும். நான் தலையாட்டினேன். புளி, மாங்காய், மோர் இவற்றின் வாடை எனக்குத் தெரியாதா என்ன?

மாமா வேலைக்குப் போன ஐந்தாவது மாதம் ஊருக்கு நூல் வந்தது. ஒரே வாரத்தில் தெருவெல்லாம் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டார்கள். மாதக்கணக்கில் கை ஓய்ந்திருந்தவர்கள் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சினார்கள். மிஞ்சியது இரண்டு நாள் கழித்துச் சாக்கடைக்குப் போயிற்று. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சுவர், தறிக்குழி, அம்மாவின் சேலை எல்லாவற்றிலும் பழைய கஞ்சி வாடை திரும்பி வந்ததில் எனக்குப் பண்டிகை வந்த மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் நான் போனபோது மாமா கோட்டைக் கழற்றி வைத்திருந்தார். அடித் தடுப்பில் ஏதோ பெரிய துணி மாட்டிக்கொண்டு தண்ணீர் மேலேறுகிறது, கொக்கிக்கு எட்டவில்லை, இறங்கித்தான் எடுக்க வேண்டும் என்றார்.

"எப்படி சாமி இருக்குது?"

நான் குழி ஓரம் குனிந்து நன்றாக இழுத்து முகர்ந்தேன்.

"நம்ம ஊட்டு வாடைதான் மாமா."

மாமா சிரித்துக்கொண்டே இரும்புப் படியில் கால் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அந்த நேரத்தில் சைக்கிளில் வந்த ஓவர்சியர், வரப்பு மேலேயே சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு ஓடி வந்தார். "ஏறுய்யா மேல! ஏறு!" என்று அவர் போட்ட கூச்சலில் மாமா பூட்ஸ் ஒன்றைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டு ஏறினார்.

ஓவர்சியர் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி மெதுவாகக் குழிக்குள் விட்டார். ஆறாவது படிக்குக் கீழே போனதும் விளக்கு அணைந்தது. வெளியே எடுத்து மறுபடியும் ஏற்றி விட்டார். மறுபடியும் அதே இடத்தில் அணைந்தது. விளக்கைத் தரையில் வைத்துவிட்டு மாமா பக்கம் திரும்பினார்.

"ஊர் எல்லையிலேயே எனக்குப் புளிச்ச நாத்தம் அடிக்குது. உனக்குத் தெரியலையா?"

"எனக்குச் சின்ன வயசுலயே மூக்கு போயிருச்சுங்க எசமான். பையன்தானுங்க மோந்து சொல்லுவான்."

ஓவர்சியர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். "உன்னை இங்க வெச்சுக்கிட்டு நான் எப்படியப்பா தூங்குவேன்?" என்று சொல்லிவிட்டு விசிலுக்காகக் கையை நீட்டினார்.

விளக்கு அணைந்ததற்காக வேலையைப் பறிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். சீமெண்ணெய் கிடைக்காத அந்த நாளில் எங்கள் வீட்டு விளக்கும் இப்படித்தான் பாதியில் அணையும். "அதுல சீமெண்ணெய் தீந்துபோயிருக்குமுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். ஓவர்சியர் விளக்கை என் காதருகே கொண்டுவந்து குலுக்கினார். உள்ளே எண்ணெய் சளசளத்தது. பிறகு என் தலையில் கை வைத்தார். நான் தட்டிவிட்டேன்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் சம்பளம் போயிற்றே என்று அம்மா அழுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"எத்தனை படி எறங்கினே?"

"நாலுங்க்கா."

"வெளக்கு?"

"ஆறுக்குக் கீழ."

அம்மா மாமாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "எறங்கலாமுன்னு உனக்கு ஆரு சொன்னது?" என்று கேட்டாள்.

"ஆரும் சொல்லலீங்க்கா. நானாத்தான் எறங்கினேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "இல்லைம்மா, நான் மோந்து பாத்துச் சொன்னேன். அதுக்கப்புறந்தான் மாமா எறங்குனாரு!" என்று நடுவில் புகுந்து கத்தினேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "அவன் நேத்துச் சொன்னதைச் சொல்றானுங்க்கா. இன்னிக்கு அவன் வரதுக்குள்ள எறங்கிட்டேன்" என்றார், என்னைப் பார்க்காமலே.

மாமா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோதும் அவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன்.