செம்புள்ளி என்று நான் பெயர் வைத்த இலைகள்

நேற்று திருப்பனந்தாள் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு என்றுதான் போனேன். சாப்பாடு இறங்கவில்லை.

அக்காவின் கணவர் ஆரோக்கியம் அத்தானுக்கு எட்டு மா நிலம் (மூன்று மா ஒரு ஏக்கர்). முழுக்கச் சம்பா நட்டிருக்கிறார். அதில் மூன்று மா பயிர் முழங்கால் உயரம்கூட வரவில்லை. பக்கத்து வயல் பச்சைப் பசேல் என்று நிற்க, இது மட்டும் துருப்பிடித்த மாதிரி கிடக்கிறது.

என்ன ஆச்சு என்று கேட்டேன்.

நட்டு இருபது நாளில் அடி இலைகளில் பழுப்பாகப் புள்ளி வந்ததாம். அவர் ஃபோனில் ஒரு ஆப் இருக்கிறது. இலையைப் படம் பிடித்துக் காட்டினால் ஏஐ நோயின் பெயரைச் சொல்லும். செம்புள்ளி நோய், பூஞ்சாணம் என்று சொல்லி மருந்தின் பெயரையும் கொடுத்திருக்கிறது. அடித்தார். பத்து நாள் கழித்து மறுபடியும் படம் பிடித்தார். அதே பதில். மறுபடியும் அடித்தார்.

பயிர் தேறவில்லை என்றதும் வேளாண் ஆபீஸுக்குப் போனார். அங்கே இருப்பது ஒரே ஒரு ஆபீஸர் அம்மா. சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் அவர்தான். ஒரு வாரம் கழித்து வந்தவர் ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, இது நோயே இல்லை, மண்ணில் ஜிங்க் சத்துக் குறைவு என்றாராம். புள்ளி வந்த உடனே ஜிங்க் சல்பேட் கொடுத்திருந்தால் தேறியிருக்கும். இப்போது பயிர் கிளைத்துத் தூர் கட்டும் பருவம் தாண்டிவிட்டது.

அத்தான் அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். இந்த மாதிரி இலைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்த்தேன். ஏஐக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை. கம்ப்யூட்டரில் நெல் இலைப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். புள்ளியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, பட்டியலில் இருந்து நோயின் பெயரைத் தேர்வு செய்ய வேண்டும்.

இனி ஒவ்வொரு விவசாயியின் சட்டைப் பையிலும் ஒரு பயிர் டாக்டர் இருப்பார் என்று முதல் நாளே சொன்னார்கள். கைதட்டினோம். (அந்த டாக்டருக்குப் பாடம் எடுத்தது பி.காம். படித்த நான்!)

பட்டியலில் 'தெரியவில்லை' என்றும் ஒன்று இருந்தது. நான் அதை அடிக்கடி அழுத்தியதால் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிட்டார்.

"ஸ்டெல்லா, எல்லாத்துக்கும் தெரியலன்னு போட்டா வேலை எப்படி நகரும்? பாத்தா எது மாதிரி இருக்கோ அதைப் போடுங்க."

போட்டேன். பழுப்பாகப் புள்ளி தெரிந்தால் செம்புள்ளி. அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் எங்களை எல்லாம் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இனி படங்களை மெஷினே பிரித்துக்கொள்ளுமாம்.

அத்தான் வைத்திருக்கும் ஆப்புக்கும் எங்கள் ஆபீஸுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தப் படம் அன்றைக்கு என் முன்னால் வந்திருந்தால் நானும் செம்புள்ளி என்றுதான் போட்டிருப்பேன். ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டேன்.

சொல்லாமல் வந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்கா, கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தான் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அது அவ்ளோ உறுதியா சொல்லுச்சும்மா," என்றார். "எங்கப்பாவா இருந்தாக்கூட, எனக்குத் தெரியலடா, வேற யாரையாவது கேளுன்னு சொல்லியிருப்பாரு."

டிவியில் ஏஐ நாட்டையே மாற்றப்போகிறது என்று யாரோ பேசிக்கொண்டிருந்தார். அத்தான் எழுந்துபோய் அதை அணைத்தார்.

நான் கிளம்பும் நேரத்தில் அவர் வயலில் இருந்து வந்தார். மீதி ஐந்து மாவில் இருந்து பறித்த ஒரு இலை கையில் இருந்தது. நுனி கருகியிருந்தது. வாசலில் நின்று அதே ஆப்பைத் திறந்தார்.

"திரும்பவும் இதுலயா அத்தான்?"

"அந்த ஆபீஸரம்மா இந்தப் பக்கம் வர இன்னும் ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் நான் யாரைக் கேக்கறது, நீயே சொல்லு."

பஸ் ஏறிவிட்டேன்.

அவர் யாரைக் கேட்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவரிடம் சொல்லிவிடுகிறேன்.